பிளம்ஸ் பொறுக்குகிறவர்களும் ஒரு கல்யாணக் கோக்கியும்

ஐந்நூறு பேர் ருசித்துச் சாப்பிட்டதை யாரும் நினைவில் வைக்காமல், ஆறு பேர் முகம் சுளித்ததை மட்டும் ஊர் முழுக்க நினைவில் வைத்திருக்கிற தொழிலுக்குப் பெயர் கல்யாண வீட்டுச் சமையல்.

பிறருக்கு ஆக்கிப் போட்டுப் பேச்சு வாங்கிய எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமாகக் கறி வைக்கிற தாய்மாரே, சாப்பாட்டுக் கடைக்காரர்களே, ஹொஸ்டல் சமையற்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள், அதாவது மீன் தலையைக் கண்டால் கண்ணை மூடுகிறவர்கள், தேத்தண்ணீரில் பாலாடை மிதந்தால் கோப்பையைத் தள்ளிவைக்கிறவர்கள், இதைப் படித்துக் கோபப்பட்டால் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

நான் கற்பிட்டியில் கோக்கி. கல்யாணம், கந்தூரி, வலீமா என்று பெரிய விருந்துகளுக்குக் கிடாரம் ஏற்றிச் சமைக்கிறவன். இருபத்தாறு வருடம் ஆகிறது. என் கூட்டாளி மஹ்ரூப் நானா என்னைவிட ஆறு வயது மூத்தவர். இறைச்சி வெட்டுவதும் நெருப்பைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. மசாலாவும் உப்பும் ருசி பார்ப்பதும் என் பொறுப்பு. அதாவது, என் பொறுப்பாக இருந்தது.

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரோனாக் காய்ச்சல் வந்து போனதில் இருந்து, நான் ஆக்குகிற இறைச்சியை என்னாலேயே வாயில் வைக்க முடியவில்லை. தன் கறியைத் தானே அருவருக்கிற கோக்கியை எவன் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவான்? என் மனைவிக்கும் மஹ்ரூப் நானாவுக்கும் இன்னும் ஒருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் இது. அதனால் இதில் வருகிறவர்களின் பெயரை எல்லாம் மாற்றியிருக்கிறேன். என் பெயரை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். முதலில் மற்றவர்களைத் திட்டி முடித்துவிட்டு என்னிடம் வருகிறேன்.

எல்லைப் பிரச்சினை

எங்கள் விருந்துகளில் ஆளுக்கொரு பீங்கான் கிடையாது. சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் இறைச்சியும் வைத்து மூடிக் கொண்டுவருவோம். சுற்றி ஆறு பேர் பாயில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் ஆறாவது ஆள் வரும் வரைக்கும் மூடியைத் திறக்கமாட்டோம். ஒவ்வொருவரும் தன் முன்னால் இருக்கிற பங்கை மட்டும் சாப்பிட வேண்டும். தட்டில் கோடு ஒன்றும் போட்டிருக்காது, ஆனால் கோடு எங்கே என்று ஆறு பேருக்கும் தெரியும்.

ரஷீத் மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் அழைப்பு உள்ள மனிதர். அவருக்குப் பிளம்ஸ் ஆகாது. நெய்ச்சோற்றில் பொரித்துத் தூவுகிற காய்ந்த முந்திரிகைப் பழத்தை, அதாவது உலர்திராட்சையைத்தான் இந்தப் பக்கம் பிளம்ஸ் என்கிறோம். சோற்றுக்கு நடுவில் இனிப்பாக எதுவோ பல்லில் படுவது அவருக்கு வண்டைக் கடித்த மாதிரி இருக்குமாம். ஆகாது என்றால் ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட வேண்டியதுதானே? மாட்டார். ஒவ்வொரு பிளம்ஸாகப் பொறுக்கி, சுண்டுவிரலால் மெல்லத் தள்ளி, பக்கத்தில் இருப்பவர் பங்கில் குவித்துவிட்டுத்தான் முதல் கவளத்தை எடுப்பார். அதற்குள் மற்றவர்கள் பாதி சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

இப்படித்தான் ஒரு கல்யாணத்தில் அவர் பக்கத்தில் கண்டக்குழிச் சம்மாட்டி ஒருவர் இருந்தார். நான்கு படகுக்குச் சொந்தக்காரர். யுத்த காலத்தில் கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுத்து அலைந்த மனிதர். ஏழெட்டுப் பிளம்ஸ் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் விரலை அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மாஸ்டர், இது என்ட எல்லை. உங்கட பிளம்ஸுக்கு இஞ்சால வர பாஸ் இல்ல."

வேலைக்காரிக்கு

கல்யாணத்துக்கு மாடு அறுத்தால் நல்ல இறைச்சி எல்லாம் கிடாரத்துக்குப் போகும். பாபத், அதுதான் மாட்டு இரைப்பை, சமைக்க வந்த எங்களுக்கு. அதைச் சுண்ணாம்பு தடவி, சுடுதண்ணீரில் போட்டு, கறுப்புத் தோல் எல்லாம் போய் வெள்ளைத் துவாய் மாதிரி வரும் வரைக்கும் மஹ்ரூப் நானா சுரண்டுவார். மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டி, பிட்டோடு சாப்பிட்டால் அன்றைக்கு வேலை செய்கிற களைப்பே தெரியாது.

ஒரு வீட்டம்மா, கொழும்பில் பெரிய இடத்தில் பெண் எடுத்த வீடு, பாபத் கொதிக்கும்போது முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். இந்த நாற்றத்தை மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள் என்றார். தன் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் இதைத் தொட்டது கிடையாதாம். கொண்டுபோய் வைத்தோம். அரை மணித்தியாலம் கழித்து அதே வீட்டம்மா மதிலுக்கு அந்தப் பக்கமும் வந்தார். கையில் மூடி போட்ட கோப்பை. "எனக்கில்ல, வேலைக்கு நிக்கிற பிள்ளைக்கு. கொஞ்சம் கூடவே போடுங்க, அவ நல்லாச் சாப்பிடுவா" என்றார். நிரப்பிக் கொடுத்தேன். பின்னேரம் அந்தப் பெண் கிணற்றடியில் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாபத் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு அந்த வாசமே ஆகாது நானா. கோப்பை கழுவத்தான் எனக்குத் தந்த."

அட்டை வீடு

கடலட்டை தெரியும்தானே? கடலுக்கு அடியில் கிடக்கும். சுழியோடி எடுத்து, அவித்து, காயவைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். கண்டக்குழியில் ஒருவர் அதை எடுத்தே மாடி வீடு கட்டினார். அந்த வீட்டில் மகளுக்குக் கல்யாணம். அட்டை வாங்குகிற சீனாக்கார வியாபாரியும் விருந்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு மரியாதை செய்யும் விதமாக ஒரு கறி அட்டையில் வைக்க வேண்டும், வீட்டுப் பெரியவர்களும் அவரோடு சேர்ந்து சாப்பிட வேண்டும்.

இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டேன். காய்ந்து கல்லாகக் கிடந்தது ஊதிப் பெருத்து, தொட்டால் ஆடுகிற பதத்துக்கு வந்தது. இஞ்சியும் மிளகும் போட்டு ஆக்கினேன். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். அந்தக் காலத்தில் என் வாய்க்கு ஆகாதது என்று உலகத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. அதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். ஆனால் சஹனைச் சுற்றி இருந்த ஆண்பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே. எல்லாரும் கடலில் பிழைக்கிறவர்கள், சுறாவைக் கையால் பிடித்த கதை சொல்கிறவர்கள். ஒருவர்கூடக் கைவைக்கவில்லை. மௌலவி ஆகாது என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில் அவரைப் பார்த்தார்கள். மௌலவி, "மார்க்கத்துல கூடும்" என்றார். பிறகு தனக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை என்றார்.

சீனாக்காரர் மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு, இத்தனை வருடம் உங்களுக்குச் சோறு போட்டது இதுதானே, ஒரு துண்டாவது வாயில் வைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த வீட்டுக் கல்லெல்லாம் அட்டைதான். அதுக்காகச் சுவரக் கடிச்சித் தின்ன ஏலுமா?"

என் மூக்கு

கொரோனாக் காய்ச்சலில் முதலில் வாசனை எல்லாம் போனது. எல்லாருக்கும் போய்த் திரும்பி வந்தது போல எனக்கும் வரும் என்று இருந்தேன். வந்தது, ஆனால் கோணலாக வந்தது. பழைய மூக்கு போன இடத்தில் யாருடைய மூக்கையோ கொண்டுவந்து வைத்த மாதிரி. கற்பிட்டி வெங்காயத்தை நெய்யில் போட்டுப் பொரித்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நாவூறும். எனக்குச் செத்த எலி கிடக்கிற சாக்கடைக் கான் மாதிரி நாறியது. உள்ளி, பொரித்த இறைச்சி, முட்டை, கோப்பி, எல்லாம் அதே நாற்றம். டொக்டர் ஒருவர், சிலருக்கு இப்படி ஆகிறது, தானாக மாறும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். வெறும் சோறு, பேக்கரிப் பாண், சீனி, பேரீச்சம்பழம், இவைதான் இறங்கின.

எனக்கு அழுகையே வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக, இது ஆகாது அது ஆகாது என்கிறவர்களை நான் வாய்க்கொழுப்பு என்றும் பணக்கொழுப்பு என்றும் திட்டியிருக்கிறேன். பிளம்ஸ் பொறுக்குகிறவரைப் பற்றி வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டி மனைவியைச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஒரு நாள் மத்தியானம் அவள் ஆசையாக ஆக்கிய மாட்டிறைச்சிக் கறியைத் தள்ளிவைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

"இத்தின வருஷமும் மத்தவங்கட வாயப் பத்தியே கதைச்சீங்க. அல்லாஹ் கேட்டுக்கிட்டு இருந்திரிக்கான்."

சுத்தமான கோக்கி

ஆனாலும் தொழிலை விடவில்லை. விட்டால் வேறு எதுவும் தெரியாது. வெங்காயம் எந்த நிறத்துக்கு வந்தால் இறக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். இறைச்சி வெந்ததா என்று அகப்பையில் படும்போது கைக்குத் தெரியும். நாற்றம் தாங்காமல், ஊர் முழுக்க மாஸ்க்கைக் கழற்றி எறிந்த பிறகும் நான் மட்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டு கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே கொஞ்சம் விக்ஸும் தடவியிருந்தேன்.

ஒரு வலீமாவில் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். மற்றக் கோக்கிமார் எல்லாம் பனியனோடு நின்று வியர்வை சொட்டச் சொட்டக் கிளறுகிறார்கள் என்று நீண்ட நேரம் வருத்தப்பட்டார். பிறகு என் தோளில் தட்டிவிட்டுச் சொன்னார்:

"சாப்பாட்டுக்கு இப்படி மரியாதை குடுக்கிற ஒராள இந்த ஜில்லாவிலேயே நான் கண்டதில்ல."

உப்பளத்தைத் தாண்டி

பெரிய சிக்கல் உப்பில்தான். சஹன் கட்டும் முன் வீட்டுப் பெரியவர் முன்னால் கோக்கி உப்புப் பார்க்க வேண்டும். கறி ஆணத்தை உள்ளங்கையில் ஊற்றி நக்கி, தலையை ஆட்ட வேண்டும். மஹ்ரூப் நானாவும் நானும் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். உண்மையில் ருசி பார்ப்பது அவர், யாரும் பார்க்காத நேரத்தில். பெரியவர் முன்னால் நான் உள்ளங்கையை மாஸ்க்குக்குக் கீழே கொண்டுபோய்ச் சும்மா தலையை ஆட்டுவேன். ஒரு வருடம் இப்படியே ஓடியது.

எலுவன்குளத்தில் ஒரு கல்யாணம். கற்பிட்டியில் இருந்து லொறியில் கிடாரங்களை ஏற்றிக்கொண்டு, புத்தளத்தைத் தாண்டி, காட்டோரம் வரைக்கும் போனோம். இறைச்சிக் கறி கொதித்தது. மஹ்ரூப் நானா நக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உப்புக் கூடப் போச்சு" என்றார். உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டேன். மறுபடியும் பார்த்தார். இன்னும் கூட என்றார். தேங்காய்ப்பால் விட்டேன். மூன்றாம் தடவைதான் சரி என்றார். பிறகுதான் தெரிந்தது, மனுஷனுக்குப் பிரஷர். கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொல்லி, ஒரு மாதமாக வீட்டில் உப்பில்லாமலே சாப்பிட்டு வந்திருக்கிறார். உப்பில்லாத நாக்குக்குக் கொஞ்சம் உப்புப் பட்டாலே கடல் மாதிரி இருக்கும். நோயைச் சொன்னால் வேலைக்குக் கூப்பிடமாட்டேனோ என்று பயந்து மறைத்திருக்கிறார். மூக்கை மறைத்தவனுக்குப் பிரஷரை மறைத்தவர் துணை.

ஊர் முழுக்க அந்தக் கறியைச் சாப்பிட்டது. பெண்ணின் பெரிய வாப்பா, வயல்காரர், ஒரு வார்த்தை ஏசவில்லை. கிடாரங்களை லொறியில் ஏற்றும்போது பக்கத்தில் வந்து நின்று, மிகவும் பணிவாகக் கேட்டார்:

"புத்தளத்து உப்பளமெல்லாம் தாண்டித்தானே வந்தீங்க? ஒரு கை அள்ளிக்கிட்டு வந்திரிக்க ஏலாதா?"

மாப்பிள்ளையின் கோட்டுப்பை

மாமி தன் கையாலேயே வட்டிலப்பம் அவித்துக் கொண்டுவந்து மாப்பிள்ளைக்கு ஊட்டுகிறார் என்றால் அதை மறுக்க இந்த உலகத்தில் எந்த மாப்பிள்ளையாலும் முடியாது. முட்டை, கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், ஏலம். எங்கள் ஆட்களிடம் வட்டிலப்பம் ஆகாது என்று சொல்வது, தொழுகை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்வது போல. நான் சமைத்த ஒரு கல்யாணத்தில் புத்தளத்து மாப்பிள்ளைக்கு முட்டை வாசம் ஆகாது போல. முதல் கரண்டியை வாயில் வாங்கியதுமே அவன் கண் போன போக்கில் எனக்கு விளங்கிவிட்டது. மாமி அந்தப் பக்கம் திரும்பினார். பெரிய துண்டொன்று கைலேஞ்சிக்குள் போய், கைலேஞ்சி கோட்டுப்பைக்குள் போனது.

முன்பு என்றால் இந்தக் கதையை அன்று பின்னேரமே கற்பிட்டிச் சந்தியில் நின்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. அவன் மேல் எனக்கு இரக்கம் வந்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரக்கப்பட ஆரம்பித்தால் இந்தத் தொழிலில் யாரைத்தான் திட்டுவது? நல்லவேளை, சொந்தபந்தமெல்லாம் படம் எடுக்க வரிசையில் நின்றபோது அந்த வேலையைப் படக்காரரே பார்த்துக்கொண்டார். கமராவில் இருந்து தலையை எடுத்துவிட்டு, மாமிக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"மாப்பிள்ள, கொஞ்சம் சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க. இந்தப் பக்கம் வட்டிலப்பம் வடியுது."

பாணும் சீனியும்

விருந்து முடிந்தால் கோக்கிக்கு என்று ஒரு சஹன் வரும். மஹ்ரூப் நானாவும் வெங்காயம் உரிக்க வந்த பெண்களும் அதைச் சாப்பிடுவார்கள். நான் விறகைப் பார்க்கிறேன், கிடாரத்தைப் பார்க்கிறேன் என்று ஏதாவது சொல்லி, தறப்பாளுக்குப் பின்னால் போய்விடுவேன். பையில் எனக்கு ஒரு றாத்தல் பாணும் ஒரு பொட்டலம் சீனியும் இருக்கும்.

கண்டக்குழியில் ஒரு வீட்டில், சுடுதண்ணீர் கேட்டு வந்த ஒரு பெரியம்மா தறப்பாளை விலக்கிவிட்டார். நான் பாணைச் சீனியில் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். ஒரு அடி தள்ளி ஐந்நூறு பேருக்கு ஆக்கிய நெய்ச்சோறு. அவர் பாணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிடாரத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும்போது கதை கற்பிட்டிக்கு வந்துவிட்டது. செத்த மாட்டு இறைச்சி என்றார்கள் சிலர். மருந்தடித்த கோழி என்றார்கள் சிலர். ஒப்புக்கொண்டிருந்த இரண்டு கல்யாணங்கள் கைமாறின. ஒருவர் தன் மச்சான் வேறு கோக்கியைப் பேசிவிட்டார் என்றார், மற்றவர் போனையே எடுக்கவில்லை. இறைச்சியில் ஒரு குறையும் இல்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? குறை மூக்கில் என்றால் இன்னும் கேவலம். அந்தப் பெரியம்மா என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் மஹ்ரூப் நானாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"தான் ஆக்கினதத் தானே தின்னாத கோக்கி, அதுக்குள்ள என்னத்தப் போட்டிரிக்கானோ."

ஆறாவது ஆள்

கைமாறாமல் மிஞ்சியது கரீம் ஹாஜியார் மகனுடைய வலீமா மட்டும். ஹாஜியார் வெங்காயத் தோட்டக்காரர், ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவர் என்னை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. மத்தியானம் சஹன் பரிமாறும்போது விளங்கியது.

நடுப்பந்தலில் ஒரு சஹனைச் சுற்றி ஹாஜியார், அவருடைய இரண்டு மச்சான்மார், பள்ளிவாசல் மரைக்கார், ரஷீத் மாஸ்டர். ஐந்து பேர். மற்ற சஹன்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. இதன் மூடி மட்டும் திறக்கவில்லை. இடம் இல்லாமல் நின்ற இரண்டு பேரை ஹாஜியார் வேறு பக்கம் அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "வாங்க கோக்கி. எங்களுக்கு ஒராள் குறையுது." பந்தலில் பேச்சு நின்றது. பெண்கள் பக்கத்துத் திரையும் அசைந்தது. மாஸ்க்கைக் கழற்றி இடுப்பில் சொருகிவிட்டு, மாஸ்டருக்கும் மரைக்காருக்கும் இடையில் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தார்கள்.

ஊருக்கு அது நெய் மணம். எனக்குக் கான். பிஸ்மில்லாச் சொல்லி, இறைச்சித் துண்டோடு ஒரு கவளம் எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "என்ன கோக்கி, கண் கலங்குது?" என்றார் ஹாஜியார். உறைப்பு என்றேன். இரண்டாவது கவளம் தொண்டையில் நின்றது. மூன்றாவதை எடுத்தால் அந்தப் பாயிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும் என்று தெரிந்தது. அத்தோடு என் இருபத்தாறு வருடமும் வெளியே வந்துவிடும். கை சோற்றில் அப்படியே கிடந்தது.

அப்போது என் எல்லைக்குள் ஒரு பிளம்ஸ் உருண்டு வந்தது. பின்னால் இன்னொன்று. மாஸ்டர் வழக்கம் போல வேலையை ஆரம்பித்துவிட்டார். என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இனித்தது. நெய்யும் வெங்காயமும் பட்ட பிறகும் வெறும் இனிப்பாகத்தான் இருந்தது. மற்றதையும் போட்டேன். அடியில் இருந்த வெள்ளைச் சோற்றை அதோடு சேர்த்துப் பிசைந்தேன். இறங்கியது. என் பங்கு இறைச்சியை மெல்ல மாஸ்டர் பக்கம் தள்ளினேன். மாஸ்டர் தன் முன்னால் வந்து நின்ற துண்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர்.

அதற்குப் பிறகு அவர் சுண்டுவிரல் வேலை செய்த வேகத்தை என்னவென்று சொல்ல? தன் பக்கத்துப் பிளம்ஸ் முடிந்ததும் ஹாஜியாருடைய மச்சான் பக்கம் கையை நீட்டி, "உங்களுக்கு இது ஆகாதுதானே" என்று பொறுக்கினார். அவருக்கு ஆகும். ஆனால் மாஸ்டர் அவருக்குப் பத்தாம் வகுப்பில் படிப்பித்தவர், வாயைத் திறக்கவில்லை. எல்லை என்று ஒன்று இருப்பதையே மாஸ்டர் அன்று மறந்துவிட்டார். பிளம்ஸ் எல்லாம் என் பக்கம் வந்தன, என் இறைச்சியும் கோழியும் அவர் பக்கம் போயின. என் பங்கு தீர்ந்து தட்டின் வெள்ளி அடி தெரிந்ததும் ஹாஜியார் குனிந்து பார்த்தார். பந்தலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "கதைக்கிறவங்க இதையும் பார்த்துட்டுக் கதைக்கட்டும்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. பேச்சு மறுபடியும் தொடங்கியது.

நான் எழும்பிக் கை கழுவப் போனேன். மாஸ்டர் பின்னால் வந்து, பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு, நிறையத் தின்ற மனிதனுடைய ஏப்பம் ஒன்று விட்டார். என்னைப் பார்க்காமலே, கையைத் தேய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"எனக்குப் பிளம்ஸ் மட்டுந்தான் ஆகாது, நிஸாம். உங்களுக்குப் பிளம்ஸ் மட்டுந்தான் ஆகும் போல இரிக்கி."

ஆக, என் சக கஷ்டவாளிகளே, ஊரில் ஒருவர் விடாமல் எல்லார் வாயையும் திட்டித் தீர்த்த இந்தக் கோக்கியின் பிழைப்பு இப்போது, கல்யாணத்துக்குக் கல்யாணம் தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைக்கிற ஒரு மாஸ்டரின் சுண்டுவிரலில் ஓடிக்கொண்டிருக்கிறது.